'மரபிசை' என்றால் யாருடைய மரபு?

திரையிசைக்குப் புதிய பாடத்தாள் எழுதும் கூட்டம். "ராஜா நம் மரபிசையையும் மேற்கத்திய இசையையும் கலந்தவர்" என்றார் ஒரு பேராசிரியர். "எது சார் நம் மரபிசை?" என்று கேட்டேன். "கர்நாடக இசைதான், வேறென்ன?" என்றார்.

எங்கள் தெருவில் பறையடித்த தாத்தாவும் நடவுப்பாட்டுக்குக் குரலெடுத்த அம்மாச்சியும் அந்த 'வேறென்ன'வுக்குள்தான் புதைந்து கிடக்கிறார்கள்.

தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படிக்கும் முன்பே, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் வாசித்தவர் இளையராஜா. 1976இல் 'அன்னக்கிளி' தமிழ்நாட்டைப் பிடித்தது வயற்காட்டு மெட்டால். அதை மட்டும் 'நாட்டுப்புறம்' என்று ஒதுக்கிவிட்டு, 'மரபு' என்ற நாற்காலியில் கர்நாடக ராகத்தை உட்கார வைக்கிறார்கள்.

1985இல் வந்த 'சிந்து பைரவி'யில் சுஹாசினி கச்சேரியில் பாடும் பாட்டு, சித்ராவுக்குத் தேசிய விருது வாங்கித் தந்தது. நாட்டுப்புற மெட்டில் தொடங்கி தியாகராஜர் கீர்த்தனைக்குப் போய்ச் சேரும். எனக்கும் சிலிர்க்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் தெம்மாங்குதான் சபாவில் போய்த் தேர்வெழுத வேண்டுமா? கீர்த்தனை வயலுக்கு வந்து தேர்வெழுதும் காட்சியை யார் எடுத்தார்கள்?

பாடத்தாள் வரைவில் வீணை, வயலின், மிருதங்கம் இருக்கின்றன. 'பிற கருவிகள்' என்ற வரியில்கூடப் பறை இல்லை. ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு எனக்கு இன்னும் அழைப்பு வரவில்லை.