சிங்கத்துக்கு இன்னொரு காடு வேண்டாமா?

குஜராத்தில் 2025 மே மாதம் எடுத்த கணக்கெடுப்பில் 891 சிங்கங்கள் இருப்பது தெரிய வந்தது. 2020-ல் 674 இருந்தன. ஆசியச் சிங்கம் காட்டில் வாழ்வது உலகிலேயே சௌராஷ்டிரப் பகுதியில் மட்டும்தான். அன்று ஜூனாகட் நவாபு காப்பாற்றியிராவிட்டால் இந்த இனமே அற்றுப் போயிருக்கும். மாடுகளைப் பறிகொடுத்தும் சிங்கத்தோடு வாழப் பழகிய மால்தாரி இடையர்களையும் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால், நெல் முழுவதையும் ஒரே குதிரில் கொட்டி வைத்தவன் நிம்மதியாகத் தூங்க முடியுமா?

புலி தனியே திரியும். சிங்கம் கூடி வாழும், கூடியே தின்னும். ஒன்றுக்கு வந்த நோய், அதே இரையில் வாய் வைத்த மற்றவற்றையும் பற்றிக்கொள்ளும். 1994-ல் டான்சானியாவின் செரங்கெட்டியில், நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ் சுமார் 1,000 சிங்கங்களைக் கொன்றது. 2018-ல் கிர் காட்டின் தல்கானியா சரகத்தில் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் மாண்டன. அங்கும் அதே வைரஸ் தென்பட்டது. அவசரமாக அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி தருவித்தார்கள். கிர் சிங்கங்கள் எஞ்சிய மிகச் சிலவற்றிலிருந்து பெருகியவை. எல்லாம் நெருங்கிய இரத்த உறவு. ஒன்றை வீழ்த்தும் நோயை மற்றது தாங்குவது அரிது.

இதற்காகத்தான் மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். சிங்கம் வரப் போகிறது என்று சொல்லி, 24 கிராமங்களிலிருந்து சுமார் 1,500 குடும்பங்களை வெளியேற்றினார்கள். பெரும்பாலோர் சஹாரியா ஆதிவாசிகள். 6 மாதத்தில் சிங்கங்களை அனுப்பும்படி 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் உத்தரவிட்டது. இன்றுவரை ஒன்றுகூடப் போகவில்லை. 2022-ல் ஆப்பிரிக்காவிலிருந்து சிவிங்கிப்புலிகள் விமானத்தில் வந்து அங்கே இறங்கின. கடல் தாண்டி வர வழியிருந்தது. பக்கத்து மாநிலத்திலிருந்து வரத்தான் வழியில்லை!

குஜராத் அரசு போர்பந்தர் அருகிலுள்ள பர்டா காட்டைக் காட்டுகிறது. அங்கே 2025-ல் 17 சிங்கங்கள் இருந்தன. நல்லதுதான். ஆனால் 2023-ல் ஒரு சிங்கம் தானாகவே நடந்து போய்ச் சேர்ந்த இடம் அது. சிங்கம் நடந்து போகிற தூரத்தை நோயும் நடந்து போகும்.

சிங்கம் குஜராத்தின் பெருமை என்பதை யாரும் மறுக்கவில்லை. அதற்காக மத்திய அரசு வாய் மூடி இருப்பது சரியல்ல. சிவிங்கிப்புலி இருப்பதால் குனோ உதவாது என்றால், குஜராத்துக்கு வெளியே தொலைவில் வேறொரு காட்டையாவது இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். சிங்கத்தின் பெயரைச் சொல்லி ஊரை விட்டுக் கிளப்பப்பட்ட சஹாரியா மக்களுக்கு என்ன பதில் என்பதையும் அப்போது சொல்லட்டும்.