டிஸ்டார்ஷன் பெடலும் கூட வரும் "இலவச" எஃபெக்ட்களும்

ஊட்டி, குன்னூர் பக்கம் எலெக்ட்ரிக் கிடார் பழகுகிறவர்கள் முதல் பெடல் வாங்கப் போகும்போது வருகிற குழப்பம் ஒன்றுதான். வெறும் டிஸ்டார்ஷன் வாங்குவதா, இல்லை கூடவே டிலே, கோரஸ், நாய்ஸ் கேட் எல்லாம் உள்ள பெட்டியா? ஒரே காசில் நாலு சாமான் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது! :-)

என் கட்சி இதுதான்: எத்தனை எஃபெக்ட் என்று எண்ணாதீர்கள். அந்த எக்ஸ்ட்ரா, டிஸ்டார்ஷனுக்கு உதவுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

டிஸ்டார்ஷன் என்ன செய்கிறது? கிடார் சிக்னலை ஏகத்துக்கும் பெரிதாக்கி, அலையின் உச்சியையும் அடியையும் வெட்டிவிடுகிறது. 1962-ல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் காலத்திலிருந்து இதே கதைதான். ஆனால் பெரிதாகும்போது கரண்டிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் சேர்ந்தே பெரிதாகிறது. சிங்கிள் காயில் கிடார் என்றால் கேட்கவே வேண்டாம். எனவே நாய்ஸ் கேட் அலங்காரம் அல்ல, அவசியம். எம்.எக்ஸ்.ஆர். ஃபுல்போர் மெட்டலில் அது உள்ளேயே இருக்கிறது. சோதிப்பது சுலபம்: ஒரு நோட்டை அடித்துவிட்டு, அது தானாக அடங்கும்வரை காத்திருங்கள். மெல்ல மறைந்தால் நல்ல கேட். கத்தரியால் நறுக்கியது போல நின்றால் வேண்டாம்.

அடுத்தது ஈக்யூ. 1991-ல் வந்த பாஸ் மெட்டல் ஸோனைப் பலரும் திட்டுவார்கள். ஆனால் அதில் மிட்டை 200 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் ஏற்றலாம், இறக்கலாம். நம்மில் பாதிப் பேர் ரூமில் தனியாக வாசித்து, மிட்டை அடியோடு குறைத்து, "ஆகா, என்ன கனம்!" என்று பூரித்துப்போகிறோம். காலேஜ் கல்ச்சுரலில் டிரம்ஸும் பாஸ் கிடாரும் சேர்ந்ததும் நம் கிடார் காணாமல் போகிறது. பழி பெடல் மேல்!

இன்னொரு உதாரணம் ஆக்டேவியா. ரோஜர் மேயர் செய்தது. 1967-ல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் "பர்ப்பிள் ஹேஸ்" பாட்டில் வாசித்தார். ஃபஸ்ஸோடு ஒரு ஆக்டேவ் மேலே ஒலிக்கும். அங்கே எக்ஸ்ட்ராவும் ஃபஸ்ஸும் ஒரே உயிர்.

டிலேயும் கோரஸும் அப்படியல்ல. அவை தனி ஆட்கள். டிலேக்குப் பிறகு டிஸ்டார்ஷன் வைத்தால் எல்லாம் கூழாகும். முன்னால் வைத்தால் தெளிவாக இருக்கும். தனித்தனிப் பெடல் என்றால் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒரே பெட்டியில் பெரும்பாலும் கம்பெனி வைத்த வரிசைதான். சுவிட்சும் ஒன்றே என்றால், டிஸ்டார்ஷனை நிறுத்தினால் டிலேயும் போச்சு.

மலையில் இருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு கணக்கு உண்டு. மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. பேட்டரி ஆம்ப்பை வைத்து வாசிக்கலாம்தான், ஆனால் பெடலுக்கும் பேட்டரி வேண்டுமே. 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரியில் சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும். சாதாரண அனலாக் டிஸ்டார்ஷன் சில மில்லி ஆம்பியர்தான் குடிக்கும். பல நாள் ஓடும். 100 மில்லி ஆம்பியர் குடிக்கும் டிஜிட்டல் பெட்டிக்கு ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது. இரண்டாவது, ஈரப்பதம். குமிழ்கள் கரகரக்கும். குமிழ் கூடக்கூட ரிப்பேரும் கூடும். ஒன்று கெட்டால் மொத்தப் பெட்டியும் கோயம்புத்தூருக்கு மலை இறங்க வேண்டும்.

"மாணவனிடம் இருப்பது ஒரே தடவைக் காசு, எல்லாவற்றையும் ருசி பார்க்க வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயம்தான். அப்படியானால் 1990-களின் ஜூம் 505 போல ஒரு முழு மல்டி-எஃபெக்ட்ஸ் பெட்டியை செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். ட்யூனரும் சேர்ந்தே வரும்.

டிஸ்டார்ஷன்தான் வேண்டுமென்றால் நல்ல கேட், நல்ல மிட், இவை போதும். கடையில் எக்ஸ்ட்ராக்களை எல்லாம் அணைத்துவிட்டு பத்து நிமிஷம் வாசியுங்கள். அப்போதும் பிடித்திருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் எத்தனை எஃபெக்ட் சேர்த்தாலும் அது பிடிக்கப்போவதில்லை.