போர்ட்லண்ட் மாவரிக்ஸ்: ஜெயித்தது யார்?

மகன் வீட்டில் தங்கியிருந்தபோது ஓர் ஆவணப்படம் பார்த்தோம். 2014இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் இருந்த போர்ட்லண்ட் மாவரிக்ஸ் என்ற சின்ன பேஸ்பால் அணியின் கதை. எடுத்தவர்கள் அந்த அணியின் சொந்தக்காரர் பிங் ரஸ்ஸலின் பேரன்கள். கடைசியில் தாத்தா பெரிய மனிதர்களிடம் 2,06,000 டாலர் கறந்துவிடுகிறார். மகன் கைதட்டினான். நான் தட்டவில்லை. அன்று சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் போனில் நடக்கிறது. என் கட்சியை இங்கே எழுதி வைக்கிறேன்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். அங்கே சிற்றூர் அணிகளில் பெரும்பாலானவை பெரிய லீக் அணிகளின் நாற்றங்கால். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பது மேலே உள்ள தாய் அணி. பையன் நன்றாக ஆடினால் சீசன் நடுவிலேயே பிடுங்கிக்கொண்டு போய்விடும். உள்ளூர்க்காரன் யாருக்காகத் தொண்டை கிழியக் கத்தினானோ, அவன் அடுத்த வாரம் இருக்கமாட்டான். தாய் அணி இல்லாமல் தன் காலில் நிற்பதுதான் சுயேச்சை அணி.

போர்ட்லண்டில் பீவர்ஸ் என்ற மேல்தர அணி வெகுகாலம் இருந்தது. கூட்டம் வராததால் 1972 சீசனோடு மூட்டை கட்டிக்கொண்டு ஸ்போகேனுக்குப் போய்விட்டது. அந்தக் காலி மைதானத்துக்குத்தான் 1973இல் பிங் ரஸ்ஸல் வந்தார். ‘பொனான்ஸா’ தொடரில் துணை ஷெரீஃபாக வந்தாரே, அவர்தான். நடிகர் கர்ட் ரஸ்ஸலின் அப்பா; மகனும் முதல் வருஷம் அணியில் ஆடினார். யார் வேண்டுமானாலும் தேர்வுக்கு வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். மற்ற அணிகள் வேண்டாமென்று கழித்தவர்கள், வயசாகிவிட்டது என்று ஒதுக்கப்பட்டவர்கள் எல்லாம் வந்து சேர்ந்தார்கள்.

ஜிம் பௌட்டன் அப்படி வந்தவர். 1963இல் நியூயார்க் யாங்கீஸுக்கு 21 ஆட்டங்கள் ஜெயித்துக் கொடுத்த பந்துவீச்சாளர். ‘பால் ஃபோர்’ என்ற புத்தகத்தில் ஆட்டக்காரர்களின் குடி, கூத்து எல்லாவற்றையும் எழுதிப் பகை சம்பாதித்துக்கொண்டார். மாவரிக்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கிருந்து 1978இல் அட்லாண்டா அணி வழியாகப் பெரிய லீக்குக்கே திரும்பினார்! இவரும் ராப் நெல்சன் என்ற சக பந்துவீச்சாளரும் சேர்ந்துதான், மெல்லும் புகையிலை மாதிரி துருவிப் பையில் போட்ட பபிள்கம் யோசனையைக் கடைக்குக் கொண்டுவந்தார்கள். இன்றும் விற்கிறது.

இது அணியே அல்ல, சர்க்கஸ் என்று சொன்னவர்கள் உண்டு. 1977இல் அந்த சர்க்கஸ் 44 ஆட்டம் ஜெயித்து 22 தோற்றது. கோப்பையைக் கடைசி ஆட்டத்தில் பெல்லிங்காமிடம் விட்டார்கள், அது வேறு விஷயம். அந்த ஒரு கோடையில் மட்டும் 1,25,000 பேருக்கு மேல் பார்க்க வந்தார்கள். பீவர்ஸ் காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு ஓடிய அதே ஊர்.

கூட்டம் சேர்ந்ததும் மேல்தர லீக்குக்குப் போர்ட்லண்ட் நினைவு வந்துவிட்டது. கீழ்த்தர லீக்கின் ஊரை மேல்தர லீக் ஈட்டுத்தொகை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் விதி. 26,000 டாலர் தருகிறோம் என்றார்கள். பிங் 2,06,000 கேட்டார். மத்தியஸ்தம் வரை போய் அதையே வாங்கினார். 1978இல் பீவர்ஸ் திரும்பியது. மாவரிக்ஸ் இல்லாமல் போனது.

“அப்பா, அவர் ஜெயிச்சுட்டார்ல?” என்கிறான் மகன். எதில் ஜெயித்தார்? விலையைப் பற்றித்தான் அவர் பேச முடிந்தது. ‘விற்கமாட்டேன்’ என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. தரிசென்று விட்டுப்போன நிலத்தை இன்னொருவன் உழுது, கதிர் முற்றும் நேரத்தில் பழைய குத்தகைக்காரன் வந்து நிற்கிறான். நஷ்டஈடு கூடுதலாகக் கிடைத்தது என்பதற்காக அதை நியாயம் என்பீர்களா? அந்தப் பணமும் பிங்குக்கு வந்ததுதான். டிக்கெட் வாங்கிய ஊர்க்காரனை யாரும் கேட்கவில்லை. அவன் அணி போனது.

விதி என்றால் விதிதானே என்றும் வாதாடுகிறான். அந்த விதி எப்படி நிற்கிறது? பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகமே அல்ல என்று 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு, ஏகபோகத் தடைச் சட்டம் இந்த முதலாளிகளைத் தொடாமல் காத்தது. வேறு எந்தத் தொழிலில் ஊரைப் பங்குபோட்டு எழுதி வைத்துக்கொள்ள விடுவார்கள்?

சரி, அப்படிப் பிடுங்கிய ஊரைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டார்களா? 1993 சீசன் முடிந்ததும் பீவர்ஸ் மறுபடி கிளம்பி சால்ட் லேக் சிட்டிக்குப் போனது. அதே பெயரில் 2001இல் ஓர் அணி வந்து, 2010க்குப் பிறகு அதுவும் போயிற்று. அந்த மைதானத்தில் இப்போது கால்பந்து.

பழைய கதை என்பது மகனின் கடைசி வாதம். 2021 சீசனுக்கு முன்னால் பெரிய லீக்காரர்கள் நாற்றங்கால்களை 160இலிருந்து 120ஆக வெட்டினார்கள். 1993 முதல் சுயேச்சையாக நின்ற செயின்ட் பால் செயின்ட்ஸ் அணி அதே ஆண்டு மினசோட்டா ட்வின்ஸின் நாற்றங்காலாக உள்ளே போனது. அதைச் சொன்னேன். “அது புரமோஷன்ப்பா” என்றான். போனை வைத்துவிட்டேன்.