கண்டதைச் சொல்லுங்கள்



2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்தவர் தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அவருடைய பத்தாவது வயதில் தாயார் சஞ்சீவம்மா காலமானார். அதற்குப் பிறகும் அம்மாவை அடிக்கடி பார்த்ததாக, 1913-இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் சொல்கிறார். ஒருமுறை அம்மா மாடிப்படி ஏறிப் போக, பையனும் பின்னாலேயே போனான். கையை நீட்டி அம்மாவின் உடையைப் பிடித்தேவிட்டது போல இருந்ததாம். மேல்படிக்குப் போனதும் உருவம் மறைந்துவிட்டது.

இதை அருள் என்பவர்கள் உண்டு. காத்துக் கருப்பு என்பவர்களும் உண்டு. எதுவானாலும், இது அவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வேல்ஸ் நாட்டுக் கிராமப்புற மருத்துவர் டூவி ரீஸ், துணையை இழந்த 293 பேரிடம் நேரிலேயே கேட்டுப் பார்த்தார். 1971-இல் வெளிவந்த அவருடைய ஆய்வின்படி, ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தவரை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள். கண்ணாலேயே கண்டவர்கள் நூற்றுக்கு 14 பேர். பலருக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனாலும் பெரும்பாலானவர்கள் அதுவரை யாரிடமும் வாய் திறக்கவில்லை.

பார்வை மங்கிய பெரியவர்களும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதை இப்படித்தான் மூடி மறைக்கிறார்கள். ஜெனீவா அறிஞர் ஷார்ல் போனே, 1760-இல் தன் தாத்தாவைப் பற்றி எழுதினார். புரை விழுந்த அந்தக் கண்களுக்கு மனிதர்களும் பறவைகளும் வண்டிகளும் கட்டடங்களும் தெரிந்தன. தாத்தாவின் புத்தியில் ஒரு குறையும் இல்லை; தெரிவது எதுவும் நிஜமில்லை என்பதும் அவருக்குத் தெரியும். இந்த நிலைக்குப் பிற்காலத்தில் போனேயின் பெயரையே வைத்தார்கள்.

கண்ணிலிருந்து வரும் சேதி குறைந்தால், மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை. தானாகவே படம் காட்டத் தொடங்குகிறது. 1998-இல் லண்டன் ஆய்வாளர்கள் இதை ஸ்கேனிலேயே பார்த்தார்கள். இல்லாத முகம் தெரிந்தவர்களுக்கு முகங்களை அறியும் பகுதியும், இல்லாத வண்ணம் தெரிந்தவர்களுக்கு வண்ணத்தை அறியும் பகுதியும் வேலை செய்தன. நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரனும் அதே ஆண்டில் வெளியான தம் நூலில் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

ஆகவே, "கூடத்துல சின்னச் சின்ன ஆளுங்க நிக்கிறாங்கடா" என்று பாட்டி சொன்னால், மந்திரித்துக் கயிறு கட்ட ஓடாதீர்கள். முதலில் கண்ணைக் காட்டுங்கள். திருப்பதிப் பக்கம் இருப்பவர்களுக்கு அங்கேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. காரணம் புரை என்றால், அறுவை சிகிச்சைக்குப் பின் காட்சிகள் நின்றுவிடுவதும் உண்டு. விளக்கைப் போடுவதும், கண்ணை இடமும் வலமுமாக வேகமாக அசைப்பதும் சிலருக்கு உதவுகின்றன. ஆனால் காய்ச்சலோ திடீர்க் குழப்பமோ சேர்ந்திருந்தாலும், குரல்களும் கேட்டாலும், புது மாத்திரைக்குப் பிறகு தொடங்கியிருந்தாலும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். கை நடுக்கம், மறதி தரும் நோய்களிலும் இப்படித் தெரிவதுண்டு.

'பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ' என்கிற பயம்தான் பெரியவர்களின் வாயைக் கட்டிப்போடுகிறது. அந்தப் பயத்தைப் போக்க மருந்து வேண்டாம்; சிரிக்காமல், அதட்டாமல், "வேற என்னம்மா தெரியுது?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே போதும். கேட்டுப் பார்த்துவிட்டு எங்களுக்கும் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.

அன்புடன்,
ஆசிரியர்