தழும்பில் கட்டியா? சும்மா இருக்காதீங்க!

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரியில் 64! பில்லைப் பற்றிப் பேசுகிறோம், தழும்பைப் பற்றி யார் பேசுறாங்க?

என் நாத்தனாருக்கு நாலு வருஷம் கழித்து தழும்பு ஓரம் கட்டி. மாதவிலக்கில் வீங்கி வலிக்கும், அப்புறம் அடங்கிடும். 'தையல் வலி' என்று மாத்திரையிலேயே ஓட்டினாள். கர்ப்பப்பை உள்சவ்வு போன்ற திசு தழும்பில் தங்கி வளர்வதாம், பெயர் எண்டோமெட்ரியோசிஸ். இது புற்றுநோய் அல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் மிக அபூர்வமாக, பல வருஷம் கழித்துப் புற்றாக மாறியதும் உண்டு. அதனால் கட்டியை முழுசாக எடுத்து, பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். கட்டி வேகமாக வளர்ந்தால் தாமதமே கூடாது.

டிஸ்சார்ஜ் சீட்டில் இதற்கும் ஒரு வரி எழுதினால் என்ன?

- ஒரு வாசகி, திருச்சி