கிட்டு வாங்கலாம், கைப்பக்குவம் வாங்க முடியுமா?

(மூன்றாமாண்டு மாணவி, கெமிக்கல் பிரிவு)



ஆண்டு மலரில் நகத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிரித்துவிட வேண்டாம். மழையை நம்பி வாழும் நம்ம கரிசல் சீமையில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது பெண்களின் விரல்களால்தான். பருத்தி எடுத்த விரல்கள், தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கிய விரல்கள். அந்த வீட்டுப் பெண்களில் சிலர் இன்று அழகுக்கலை படித்து, முன்னறையில் ஒரு கண்ணாடியும் நாற்காலியும் போட்டு, சொந்தக் காலில் நிற்கப் பார்க்கிறார்கள். முகூர்த்த மாதம் வந்தால் புருவம், மருதாணி, நகப்பூச்சு என்று நாலு காசு பார்க்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கில்தான் இப்போது மண் விழுகிறது. செல்போனில் ஒரு தட்டு தட்டினால் போதும். ஜெல் பாலிஷ், குட்டி யு.வி. விளக்கு, ஒட்டு நகம், பசை எல்லாம் ஒரே பெட்டியில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. "ஏன்க்கா, நீங்க ஒரு தடவைக்குக் கேக்குற காசுல முழு கிட்டே வந்துருமே?" என்று கேட்டால் அந்த அக்கா என்ன பதில் சொல்வார்?

பதில் இருக்கிறது. அந்தப் பதில் டிப்ளமோ படிக்கும் நமக்கும் தேவைப்படும்.

வீட்டில் செய்வது பாவமா?

நிச்சயமாக இல்லை. மருதாணி இலையைப் பறித்து, அம்மியில் அரைத்து, இரவெல்லாம் விரலில் தொப்பி போட்டுக்கொண்டு தூங்கியவர்கள்தானே நாம்? அதற்கு எந்தப் பார்லருக்குப் போனோம்? சாதாரண நெயில் பாலிஷும் அப்படித்தான். டாடா குழுமம் 1952-இல் லாக்மேயைத் தொடங்கிய காலத்திலிருந்து நம் பெண்கள் அதை வீட்டிலேயே பூசி வருகிறார்கள். நைட்ரோசெல்லுலோஸைக் கரைப்பானில் கரைத்து நிறம் சேர்த்தது அது. 1920-களில் மோட்டார் கார்களுக்கு அடித்த பெயின்டும் இதே சங்கதிதான். கரைப்பான் ஆவியாகிப் பறந்தால் பூச்சு காய்ந்துவிடும். அடுப்பருகே வைக்காமல் இருந்தால் போதும், பெரிய ஆபத்து ஒன்றுமில்லை. கையில் காசில்லாத பெண் தன் நகத்துக்குத் தானே பூசிக்கொள்வதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

ஆனால் ஜெல் பாலிஷ் விஷயம் வேறே.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

ஜெல் காய்வதில்லை, வினை புரிந்து இறுகுகிறது. உள்ளே இருப்பது மெத்தக்ரிலேட் என்ற சிறு மூலக்கூறுகள். குறிப்பிட்ட அலைநீள ஒளி பட்டதும் அவை கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன. நாம் லேபில் படிக்கும் பாலிமர் வினையேதான். விளக்கின் ஒளி பாட்டிலில் உள்ள மருந்துக்குப் பொருந்தவில்லை என்றாலோ, பூச்சு தடித்துப் போனாலோ மேலே இறுகி அடியில் பச்சையாகவே நிற்கும். அந்த இறுகாத மெத்தக்ரிலேட் தோலில் மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. இன்னொன்றும் கேளுங்கள். பல் அடைக்கும் பொருளிலும், மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையில் எலும்பை ஒட்டும் சிமென்டிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு. இன்று நகத்துக்குப் பட்ட ஆசை, நாளை பல் டாக்டரிடம் போகும்போது தொந்தரவாக வந்து நிற்கலாம்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018-இலேயே வீட்டு ஜெல் கிட்டுகளைப் பற்றி எச்சரித்தது. மெத்தக்ரிலேட் வகையைச் சேர்ந்த ஹெமா என்ற பொருள் கலந்த நகப்பூச்சைத் தொழில்முறையாளர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் விதி செய்தது.

கழற்றுவதிலும் சூட்சுமம் இருக்கிறது. பொறுமை இல்லாமல் பிய்த்து எடுத்தால் நகத்தின் மேலடுக்கும் கூடவே வந்துவிடும். கைவிரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். கெட்ட நகம் முழுசாக மாற ஆறு மாதம் ஆகும். பூசுவதற்கு வீடியோ இருக்கிறது. நகச்சுத்தி வந்து விரல் விண்விண்ணென்று தெறிக்கும்போது அந்த வீடியோக்காரர் வருவாரா?

தீப்பெட்டி சொல்லும் பாடம்

மலிவுச் சரக்கோடு மோதுவது கோவில்பட்டிக்குப் புதிதல்ல. பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் ஒன்று பல தீப்பெட்டிகளின் வேலையைச் செய்துவிடும். ஒரு ரூபாயாகவே இருந்த தீப்பெட்டி, 14 ஆண்டுகளுக்குப் பிறகு 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது. அத்தனை ஆண்டும் விலையைக் கூட்டாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தும் லைட்டர் வருவது நின்றதா? இல்லை. கடைசியில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் மத்திய அரசு தடை போட்டது. அப்புறம் உதிரி பாகமாக வரத் தொடங்கியது. 2024-இல் அதற்கும் கட்டுப்பாடு வந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? விலையைக் குறைத்துக் குறைத்து மலிவுச் சரக்கை ஜெயிக்க முடியாது. தடை கொஞ்சம் மூச்சுவிட வழி தரும், அவ்வளவுதான். அதுவும் நகம் பூசும் அக்காமாருக்காக யாரும் தடை போடப் போவதில்லை.

இன்னொரு பக்கம் நம்ம ஊர்க் கடலைமிட்டாயைப் பாருங்கள். கடலையும் வெல்லமும் எந்த வீட்டில் இல்லை? யார் வேண்டுமானாலும் கிண்டலாம். ஆனாலும் சனங்கள் கோவில்பட்டி மிட்டாயைத்தானே தேடி வாங்குகிறார்கள்? பாகு எந்தப் பதத்தில் இறக்க வேண்டும் என்ற கைப்பக்குவத்துக்குக் கிடைத்த மரியாதை அது. 2020-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாமான் எல்லோருக்கும் பொது. பதம் தெரிந்தவருக்குத்தான் பெயர்!

அக்காமாருக்கு ஒரு வார்த்தை

இங்கே கொஞ்சம் கசப்பாகவும் பேச வேண்டியிருக்கிறது. பார்லரில் இருப்பதும் அதே பெயர் தெரியாத பாட்டில்தான், ஒருவருக்குப் போட்ட கருவியைத் துடைக்காமல் அடுத்தவருக்கும் போடுகிறார்கள் என்றால், கிட்டு வாங்கும் பெண்ணிடம் எந்த முகத்தோடு கூடுதல் காசு கேட்பது? தயாரித்தவர் பெயரும் முகவரியும், பேட்ச் எண்ணும், காலாவதித் தேதியும் இல்லாத பாட்டிலைத் தொடவே கூடாது. கருவியைக் கிருமிநீக்கம் செய்வதை வாடிக்கையாளர் கண்முன்னே செய்ய வேண்டும். நகத்தில் பூஞ்சையோ புண்ணோ கண்டால், "இன்னைக்குப் பூச வேண்டாம்மா, முதல்ல டாக்டரைப் பாரு" என்று திருப்பி அனுப்பத் தெரிய வேண்டும். அந்த ஒரு வார்த்தையை எந்தக் கிட்டும் சொல்லாது. அன்றைக்கு வருமானம் போனாலும், அந்தப் பெண் நாலு பேருக்குச் சொல்லி அழைத்து வருவாள்.

படிப்பும் நிற்கக் கூடாது. ஜெல்லை இறுகச் செய்ய நெடுங்காலமாகப் பயன்பட்ட டி.பி.ஓ. என்ற பொருளை, 2025 செப்டம்பர் 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தொழில்முறையாளருக்கும் சேர்த்தே தடை செய்துவிட்டது. நேற்றுச் சரியாக இருந்தது இன்று தப்பாகிவிடுகிறது. இதைத் தெரிந்து வைத்திருப்பவர்தான் தொழிலாளி. தெரியாதவர் கிட்டுக்குக் கை முளைத்தவர், அவ்வளவே.

நமக்கென்ன?

நண்பர்களே, சிரித்தவர்கள் இப்போது யோசியுங்கள். வீட்டு ஒயரிங்கை வீடியோ பார்த்துச் செய்கிறார்கள். பம்ப்செட் மோட்டாரை ரிப்பேர் செய்வதைவிடப் புதுசு வாங்குவது லாபம் என்கிறார்கள். நாளை நம்மிடமும் ஒருவர் வந்து, "இதுக்கா தம்பி இவ்வளவு கூலி? நானே பண்ணிருவேனே!" என்பார். அன்று நாம் காட்டப் போவது மூன்று வருடம் படித்த சான்றிதழை மட்டும்தானா?

ஸ்விட்சை யாரும் மாட்டிவிடலாம். எர்த் சரியில்லாத வீட்டில் ஈரக்கையோடு குழந்தை அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று அறிந்தவன்தான் டிப்ளமோக்காரன். அந்த அறிவுக்குத்தான் கூலி. அதை ஜனங்களுக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லும் கடமையும் நமக்கே.

அதனால் தோழியரே, தோழர்களே, நீங்கள் பூசிக்கொள்ளுங்கள், ஒட்டிக்கொள்ளுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் தெருமுனையில் தொழில் கற்று உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் பேரம் பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். அவர் கேட்பது பாட்டிலின் விலை அல்ல, படித்த கைக்கான கூலி. அந்தக் கூலியை நாம் மதித்தால்தான், நாளை நம் கூலியை ஊர் மதிக்கும்.