‘அரசு முன்வருமா?’

திருப்பூர் அங்கேரிபாளையம் ரோட்டில் நான் டீ குடிக்கும் பேக்கரியில் ஒரு டிவி உண்டு. எப்போதும் பாட்டுதான் ஓடும். சட்டசபை கூடியிருக்கும் நாட்களில் மட்டும் கடைக்காரர் கேள்வி நேரத்தைப் போட்டுவிடுவார். 2022 ஜனவரி 6 முதல் தமிழகச் சட்டமன்றத்தின் கேள்வி நேரம் நேரலையாக வருகிறது. அதற்கு முன்பு மறுநாள் பேப்பரில் நாலு வரி வந்தால் உண்டு. இப்போது பனியன் கம்பெனி டீ டைமுக்கு வெளியே வரும் டெய்லர்களும் செக்கிங் பெண்களும் கண்ணாடி கிளாஸைக் கையில் பிடித்தபடி ஐந்து நிமிடம் நின்று பார்க்கிறார்கள்.

போன கூட்டத்தொடரில் ஒருநாள் ஏதோ ஒரு மாவட்டத்து உறுப்பினர் எழுந்து, தம் தொகுதியில் ஒரு மேம்பாலம் அமைக்க அரசு முன்வருமா என்று பேரவைத் தலைவர் வாயிலாகக் கேட்டு அமர்ந்தார். அமைச்சர் எழுந்தார். உறுப்பினரின் கோரிக்கை நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும் என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். என் பக்கத்தில் நின்ற ஓவர்லாக் டெய்லர் பெண் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஏனுங்கண்ணா, இப்ப பாலம் வருமுங்களா, வராதுங்களா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கு டீ டைம் முடிந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் என்னுடனே வந்தது.

‘முன்வருமா’ என்ற வினைச்சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கொடை கொடுப்பவர் முன்வருவார். ரத்தம் கொடுக்க, கல்யாணச் செலவுக்கு உதவ ஒருவர் முன்வரலாம், வராமலும் இருக்கலாம். வராவிட்டால் அவர் மேல் குற்றமில்லை. நம் வரிப் பணத்தில் நமக்குப் போட வேண்டிய சாக்கடையைப் பற்றி நம் பிரதிநிதி இந்தச் சொல்லில் கேட்கிறார். ‘ஆவன செய்யுமா’ என்பதும் அதே குடும்பம். கேட்பது கேள்வி நேரத்தில், கேட்கப்படுவது மனு.

இந்த உரிமை எளிதில் கிடைத்ததில்லை. 1892-ம் ஆண்டுச் சட்டம் வரும்வரை சென்னை மாகாணச் சட்ட சபையில் உறுப்பினர் ஒருவர் அரசை நோக்கிக் கேள்வியே கேட்க முடியாது. அந்தச் சட்டம் கேள்வி கேட்க அனுமதித்தது. துணைக் கேள்வியை அனுமதிக்கவில்லை. வந்த பதிலை வாங்கிக்கொண்டு உட்கார வேண்டும். 1909-ல்தான், முதலில் கேட்டவர் பதிலைக் கேட்டுவிட்டு இன்னொரு முறை எழலாம் என்றானது. அந்த இரண்டாம் கேள்விதான் உயிர். ‘பரிசீலிக்கப்படும்’ என்று அமைச்சர் சொன்னால், ‘எந்தத் தேதிக்குள்?’ என்று எழுவதற்கான இடம் அது. நூறு வருஷத்துக்கு மேலாக நம் கையில் இருக்கிற இந்த இரண்டாம் கேள்வியைப் பெரும்பாலும் ‘அதேபோல் என் தொகுதியிலும் ஒன்று அமைக்க அரசு முன்வருமா’ என்பதற்கே செலவழிக்கிறோம். எனக்கு உண்மையிலேயே வலிக்கிற இடம் இது.

கேள்வி சரியாகக் கேட்கப்படாத ஊர் என்ன ஆகும் என்பதற்கு நொய்யலைவிட வேறு சாட்சி வேண்டாம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, திருப்பூரைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் ஆறு. பாசனத்துக்காக 1992-ல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். சில வருஷங்களிலேயே அணையில் நின்றது சாயக்கழிவு. கட்டிய அணையில் தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே சொல்ல வேண்டிய நிலை வந்தது. எத்தனை கிணறு கெட்டது, எந்தச் சாயப்பட்டறையின் கழிவு எங்கே போகிறது, சுத்திகரிப்பு நிலையம் எப்போது ஓடும் என்பதெல்லாம் சபையில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கேட்கப்பட்டிருக்க வேண்டிய கேள்விகள். கடைசியில் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் அவற்றை உயர் நீதிமன்றத்தில் கேட்டது. 2006 டிசம்பரில் ஒரு துளிக் கழிவும் ஆற்றில் விடக்கூடாது என்ற உத்தரவு வந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்போதும் நடக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சாய, பிளீச்சிங் ஆலைகள் அத்தனையையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம்.

அந்த மாதங்களை இந்த ஊரில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். சாயம் போடத் துணி வெளியூருக்குப் போனது. பவர் டேபிள்கள் சும்மா கிடந்தன. சனிக்கிழமைச் சம்பளம் பாதியானது. சில வாரம் அதுவும் இல்லை. எங்கள் லைன் வீட்டில் எட்டுக் குடும்பத்தில் மூன்று, சாமான்களைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் பஸ் ஏறின. அந்த நிலையில்தான் அதே ஆண்டு சட்டமன்றத் தேர்தல் நடந்தது. அதுவரை ஒன்றாக இருந்த திருப்பூர் தொகுதி வடக்கு, தெற்கு என்று பிரிந்து முதன்முதலாக வாக்களித்தது. தெற்கில் மார்க்சிஸ்ட் கட்சியின் கே. தங்கவேல் வென்றார், 2020-ல் மறைந்தவர். மூடிக் கிடந்த ஒரு தொழிலைச் சுமந்துகொண்டு ஓர் உறுப்பினர் கோட்டைக்குள் போன ஆண்டு அது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாயை அரசு அறிவித்ததும், கழிவே வெளியேறாத முறைக்கு ஆலைகள் மாறி ஒவ்வொன்றாகத் திறந்ததும் அதன் பிறகுதான். இருபது வருஷத்துக் கேள்வி, அத்தனை பேர் வேலை இழந்த பிறகு பதில் பெற்றது.

குடிதண்ணீரின் கதை இன்னொரு விதம். மூன்றாவது திட்டம், நான்காவது திட்டம் என்று எண் போட்டே தண்ணீரைப் பேசுகிற ஊர் இது. அதில் மூன்றாவது, தனியாரோடு அரசு சேர்ந்து செய்தது. 1995-ல் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டு, சுமார் ஆயிரம் கோடி ரூபாய் செலவில், நாளுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீரைப் பவானியிலிருந்து கொண்டுவரும் திட்டம் 2005 வாக்கில் ஓடத் தொடங்கியது. பெரும்பங்கு சாயப்பட்டறைகளுக்கு, மீதி நகரத்துக்கும் வழியோரக் கிராமங்களுக்கும். இந்தியாவிலேயே முதல் முயற்சி என்று பெருமையாகப் பேசப்பட்டது. அந்த நிறுவனத்திடம் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் விவரம் கேட்டது மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த மந்தன் என்ற ஆய்வு அமைப்பு. நாங்கள் பொது அதிகார அமைப்பே அல்ல, பதில் சொல்லக் கடமையில்லை என்றது நிறுவனம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2010-ல் நீதிபதி கே. சந்துரு, இந்த நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டிய பொது அமைப்புதான் என்று தீர்ப்பளித்தார்.

நம் வீட்டுக் குழாயைப் பற்றிய கேள்வியை நர்மதைக் கரையிலிருந்து ஒருவர் வந்து கேட்டிருக்கிறார். அவர்களுக்கு என் நன்றி எப்போதும் உண்டு. ஆனால் அதை முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் நாம். நமக்காகச் சபையில் உட்கார்ந்திருந்தவர்கள்.

கேள்வி கேட்க இடமே இல்லாத பிரதிநிதியும் நமக்கு இருந்திருக்கிறார். 2016 முதல் 2021 வரை அவிநாசித் தொகுதியின் உறுப்பினர் ப. தனபால். அந்த ஐந்து ஆண்டும் அவர்தான் பேரவைத் தலைவர். எல்லோரும் அவர் வாயிலாகத்தான் கேட்க வேண்டும். அவர் தம் தொகுதிக்காக எழுந்து ஒரு துணைக் கேள்வி கேட்க முடியாது. உயர்ந்த நாற்காலி, அதன் விலை அது. அத்திக்கடவு - அவிநாசித் திட்டத்துக்கு 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியது அந்தக் காலத்தில்தான் என்பதையும் சொல்ல வேண்டும். காமராஜர் முதல்வராக இருந்தபோதே அவிநாசி எம்.எல்.ஏ. மாரப்ப கவுண்டர் அவரிடம் கேட்ட திட்டம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 2016-ல் அவிநாசியில் ஜனங்கள் நாள் கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் ஸ்டாலின் திறந்து வைத்தார். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரியாகப் போகும் நீரில் 1.5 டி.எம்.சி.யை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக மேலேற்றி, மூன்று மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொடுக்கும் திட்டம். செலவு 1,916 கோடி. அறுபது வருஷம் ‘முன்வருமா’ என்று கேட்டு, முன்வந்தது. இப்போது கேட்க வேண்டியது வேறு: 1,045-ல் எந்தக் குளத்துக்கு, எந்த மாதத்தில், எவ்வளவு வந்தது? குளத்தின் பெயரோடு ஒரு பட்டியலைச் சபையில் வைக்கச் சொன்னால் போதும். கரையில் நிற்கும் விவசாயி மீதியைப் பார்த்துக்கொள்வார்.

2022 ஆகஸ்டில், தொகுதியில் நெடுநாளாக நிறைவேறாத பத்துக் கோரிக்கைகளை எழுதிக் கொடுங்கள் என்று 234 உறுப்பினர்களுக்கும் முதல்வர் கடிதம் எழுதினார். நல்ல காரியம். உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது. ஆனாலும் கோரிக்கை வேறு, கேள்வி வேறு என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கோரிக்கை வைத்தவர் காத்திருக்க வேண்டும். கேள்வி கேட்டால் காத்திருக்க வேண்டியது பதில் சொன்னவர்தான்.

அப்படிக் காக்க வைப்பதற்கென்றே சபையில் ஒரு குழு இருக்கிறது. பேக்கரியில் யாருக்கும் அது தெரியவில்லை. அரசு உறுதிமொழிக் குழு என்று பெயர். அமைச்சர்கள் சபையில் கொடுத்த வாக்குறுதிகளைத் தனியே எடுத்து, நிறைவேறியதா என்று அதிகாரிகளை அழைத்துக் கேட்பதும், மாவட்டம் மாவட்டமாகப் போய் நேரில் பார்ப்பதும் அதன் வேலை. மக்களவையில் இதற்கு ஒரு சொற்பட்டியலே வைத்திருக்கிறார்கள். ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று அமைச்சர் சொன்னாலும் அது உறுதிமொழிக் கணக்கில்தான் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். நம் மாவட்டத்துக்கு அடுத்த முறை இந்தக் குழு வரும்போது, நமக்குச் சொல்லப்பட்ட பதில்களைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பவர் நாலு பேராவது ஊரில் இருக்க வேண்டும்.

இனி என்னை உறங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் இப்போது பாதி வீட்டில் ஒடியா, பாதி வீட்டில் இந்தி. நிட்டிங், அயர்னிங், பேக்கிங் எல்லாவற்றிலும் அவர்கள் கை இருக்கிறது. அவர்கள் வாரச் சம்பளத்திலும் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதம் பிடிக்கிறார்கள். இந்த ஊரில் நூறு படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரி 10 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். லட்சக்கணக்கான தொழிலாளர் உள்ள ஊருக்கு நூறு படுக்கை. இங்கே பிடிக்கும் பணம் எவ்வளவு, அதற்கு எத்தனை டாக்டர் என்று யார் கேட்பது? மருத்துவமனை மத்திய அரசினுடையது, மருந்தகங்கள் மாநிலத்தினுடையவை. கேள்வி இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. வேலை செய்பவருடைய வாக்கோ ஒடிசாவின் கஞ்சத்திலும் பீகாரின் கயாவிலும் இருக்கிறது.

வாக்கு இல்லாதவருக்காக எம்.எல்.ஏ. ஏன் கேட்க வேண்டும் என்று ஒரு நண்பர் என்னிடம் நேராகவே கேட்டார். காரணம் இருக்கிறது. தொகுதியை வரையறுப்பது வாக்காளர் எண்ணிக்கையை வைத்து அல்ல, மக்கள்தொகையை வைத்து. தொட்டில் குழந்தையும் கணக்கில் உண்டு, பீகாரிலிருந்து வந்து இங்கே குடியிருந்து எண்ணப்பட்டவரும் உண்டு. அந்தத் தலைகளின் மேல்தான் அந்த நாற்காலி போடப்பட்டிருக்கிறது. அதிலும் இன்று நாம் அமர்ந்திருக்கும் கணக்கு பழசு: 2008-ல் முடிந்த தொகுதி வரையறை 2001 கணக்கெடுப்பைக் கொண்டது. 2011-ல் பழைய நகர எல்லைக்குள் 4.44 லட்சம் பேர் என்றார்கள். அதற்குப் பிறகு எண்ணவே இல்லை, அடுத்தது 2027-ல். இடையில் வந்து சேர்ந்தவர்கள் யார் கணக்கிலும் இல்லாமல்தான் நம்மோடு அதே குழாயில் குடத்தை வைக்கிறார்கள். அவர்கள் போடும் குப்பையும் நம் குப்பையும் சேர்ந்துதான், கைவிடப்பட்ட பாறைக்குழிகளுக்குப் போய், பக்கத்துக் கிராமத்துக்காரர்களை ரோட்டுக்கு இழுக்கிறது.

போன வாரம் ஒரு தாளில் சில கேள்விகளை எழுதினேன், எங்கள் தொகுதி உறுப்பினருக்குக் கொடுக்க. ‘முன்வருமா’ என்ற சொல் எங்கும் வராமல் பார்த்துக்கொண்டேன். வார்டு வாரியாகக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணி நேரம் விடப்படுகிறது? பாறைக்குழிகளில் இதுவரை கொட்டியது எத்தனை டன், சுற்றியுள்ள கிணற்று நீரை எந்தத் தேதியில் பரிசோதித்தார்கள், முடிவு என்ன? இ.எஸ்.ஐ. மருந்தகம் ஒவ்வொன்றிலும் காலியாக உள்ள டாக்டர் இடம் எத்தனை, எவ்வளவு நாளாக? பேக்கரியில் அந்த ஓவர்லாக் டெய்லர் பெண்ணிடம் காட்டினேன். அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். முதல் வரியில் விரல் திரும்ப வந்து நின்றது.

“எந்நேரத்துக்கு விடுவாங்கன்னும் கேளுங்கண்ணா. நடுச்சாமம் ரெண்டு மணிக்கு விட்டா என்னத்தப் புடிக்கறது? சப்பைத் தண்ணிலயே சோறாக்க முடியுமுங்களா? பக்கத்து வீட்டு ஒரிசாப் பொண்ணு நைட் ஷிப்ட் முடிச்சு வந்து எனக்கும் சேத்துப் புடிச்சு வெக்குது. அதுக்கு முடியாத அன்னைக்கு எனக்கும் தண்ணி இல்லீங்க.”

எத்தனை மணி நேரம் என்பதற்குப் பக்கத்தில், எந்த நேரத்தில் என்று சேர்த்தேன். கம்பெனி மணி அடித்தது. அவர் கிளாஸை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து போனார்.